மோப்பம்

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில்
எங்கள் வீடு ஒன்பதாவது மாடி.
லிப்ட் எட்டோடு நின்றுவிடும்.
மிச்சம் ஒரு மாடியை ஏறிவரும் காலடியில்
அன்றைய இரவு எப்படிப் போகும் என்பதை
பதினோரு வருஷம் படித்திருக்கிறேன்.

செருப்பு இழுபட்டால் சம்சு.
இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தால் பீர்,
அதுவும் யாரோ வாங்கிக் கொடுத்தது.
சத்தமே இல்லாமல் வந்தால்தான் பயம்.

கதவைத் திறப்பேன்.
'சாப்பிடுறீங்களா' என்று கேட்கும் முன்பே
மூக்கு முந்திக்கொள்ளும்.
சட்டைக் காலர், மீசை, தலையணை உறை,
ஹெல்மெட்டின் உள்பஞ்சு.
நாலு ஹேக்ஸ் மிட்டாயை
ஒன்றாக வாயில் போட்டு வந்தாலும் தெரியும்.
விமான நிலையத்து நாய்க்காவது
வேலை முடிந்தால் ஓய்வு.

குணாளன் குடியை விட்டு
இன்றோடு இருநூற்றுப் பதினெட்டு நாள்.
குதிரைக் காலண்டரில்
கட்டத்துக்கு ஒரு கோடு, பென்சிலால்.
பேனாவால் போட்டால் திமிர் வந்துவிடுமாம்.

முதல் ஒன்பது நாள் பெரிய ஆஸ்பத்திரியில்.
சுவரெல்லாம் எறும்பு என்று அழுதவரை
நர்ஸ் அதட்டவில்லை.
'உடம்பு பேசுது, அவர் இல்லை' என்றாள்.
பதினோரு வருஷத்தில்
அந்த இரண்டையும் யாரும் எனக்குப்
பிரித்துக் காட்டியதில்லை.

புதன்கிழமை ஜெலுத்தோங்கில்,
பல் கிளினிக்கின் மேல்மாடியில்
குடும்பத்தாருக்கு ஒரு கூட்டம்.
எட்டு பிளாஸ்டிக் நாற்காலி,
மைலோ டின் நிறைய பிஸ்கட்.
என் முறை வந்தபோது
இருபது நிமிஷம் அவரைப் பற்றியே பேசினேன்.
புவான் ரொஹானி மலாயில் மெல்லக் கேட்டார்:
'அவர் இருக்கட்டும். நீங்கள்?'
மலாயில் பதில் இருந்தது: 'ஓக்கே லா.'
தமிழில் தேடினேன்.
சொல் வரவில்லை, மூக்குதான் அரித்தது.

மூய் லான் அக்காவின் மகன்
சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷம்.
இன்னும் தினமும் அவன் அலமாரியைச் சோதிக்கிறாராம்.
எல்லாரும் சிரித்தோம்.
யாரும் முழுசாகச் சிரிக்கவில்லை.

அன்று இரவு அவரிடம் சொன்னேன்:
உங்களுக்குப் போத்தல்,
எனக்கு உங்கள் வாய்.
அவர் சட்டையைக் கழற்றி
என் பக்கத்து நாற்காலியில் போட்டார்.
'வேணும்னா மோந்துக்க. கோவிச்சுக்க மாட்டேன்.'
ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாளிலிருந்து அவர் கோட்டுக்குக் கீழே
என் புள்ளி.
மோந்து பார்க்காத நாளுக்கு ஒன்று.
புள்ளி நான்கு ஆனது.

ஐந்தாம் நாள்
பிறையிலிருந்து ஏழுக்கு வர வேண்டியவர்
ஒன்பதேகாலுக்கும் வரவில்லை.
போன் அடைத்திருந்தது.
பாலத்தில் லோரி கவிழ்ந்திருக்கிறது,
அது பிறகு தெரிந்த சங்கதி.
அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம்
அவர் வழியில் இருக்கிற ஏழு கடைகள்.

லிப்ட் திறந்தது. எட்டாவது மாடி.
காலடி.
இழுபடவில்லை. தாவவில்லை.
வேலை முடிந்து களைத்து வரும் மனுஷனின் நடை
எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.
கதவு. மூக்கு முந்தியது.
டீசல். வியர்வை.
மழையில் ஊறிய காலணி.
பொட்டலத்தில் ஆறிப்போன தேங்காய்ப்பால் அப்பம்.
அவ்வளவுதான்.

அவர் பார்த்துவிட்டார்.
ஒன்றும் சொல்லாமல்
அப்பத்தைத் தட்டில் வைத்தார்,
ஆணியில் தொங்கிய பென்சிலை நீட்டினார்.
'முன்னாடி வச்சத அழிச்சுடாத' என்றார்.
'நான் எத்தனை தடவை
ஒண்ணுலேர்ந்து எண்ணியிருக்கேன் தெரியுமா.'
தெரியாது.
நான் எண்ணியதெல்லாம் போத்தல்களை.

இப்போது மணி இரண்டு நாற்பது.
கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.
வாய் திறந்தபடி தூங்குகிறார்,
ஒரு சாண் தூரத்தில்.
நான் சுவர்ப்பக்கம் திரும்பி,
போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டு,
இன்னும்
மோந்து பார்க்கவில்லை.